ஆய்வுக் கேள்வித்தாளைப் புதிதாக எழுத வேண்டாம்

எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) ஆய்வேட்டுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறீர்களா? முதலில், அரசு நாடு முழுவதும் வீடு வீடாக நடத்தும் தேசியக் குடும்பநல ஆய்வின் (NFHS) கேள்வித்தாளை இறக்கிக்கொண்டு, உங்கள் தலைப்புக்குப் பொருந்தும் கேள்விகளையும் விடைத் தெரிவுகளையும் அதிலிருந்து அப்படியே எடுங்கள். சொந்தமாக எழுதுவது கடைசி வழி.

அவை பலமுறை களத்தில் சோதிக்கப்பட்ட கேள்விகள். அதைவிடப் பெரிய லாபம், 2019-21 சுற்றில் 707 மாவட்டங்களுக்கும் அறிக்கைத் தாள் இலவசமாக இருக்கிறது. உங்கள் கிராமத்தில் கிடைத்த சதவீதத்தை மாவட்டத்தின் சதவீதத்தோடு நேராக வைத்துப் பார்க்கலாம். வாய்மொழித் தேர்விலும், பிறகு வேலை நேர்காணலிலும், "இந்த எண் அதிகமா, குறைவா?" என்று கேட்டால் விழிக்க வேண்டியதில்லை.

கேள்வியோடு வரையறையையும் எடுக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த அறிக்கையில் உயர் ரத்த அழுத்தம் என்றால் 140/90 அல்லது அதற்கு மேல் மட்டுமல்ல, மாத்திரை சாப்பிடுபவர்களும் சேர்த்தி. அவர்களை விட்டுவிட்டால் உங்கள் ஊர் சும்மாவே ஆரோக்கியமாகத் தெரியும்! ரத்தசோகையில் இன்னொரு சிக்கல்: அவர்கள் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம். நீங்கள் ரத்தக் குழாயில் ஊசி போட்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒப்பிடாதீர்கள்.

முதியோரின் தனிமை, தவறி விழுதல் போன்றவற்றுக்கு இது உதவாது. 45 வயதுக்கு மேற்பட்டோருக்கான லாசி (LASI) என்ற தேசிய ஆய்வைப் பாருங்கள். மனப்போக்கை ஆழமாகக் கேட்கும் நேர்காணல் ஆய்வா? அப்போது நீங்களேதான் எழுத வேண்டும்.