சிரிக்கவைத்த தாத்தா, நேதாஜி படைச் சிப்பாய்: அவருக்கு நினைவேடு எழுதும் முறை

பர்மாத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து நேதாஜி படையில் (ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய ராணுவத்தில்) சேர்ந்தவர்கள் அநேகமாக எல்லோரும் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும், ஒரே தெருவில் பழகிய முதியவர்கள் சிலருமே மிஞ்சியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு, அதிலும் வீட்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, நினைவேடு எழுத விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். அவருடைய படைப்பிரிவையும் தேதிகளையும் தேடப் புறப்படுவதற்கு முன், அவர் சொன்ன வேடிக்கைப் பேச்சுகளை எழுதிவையுங்கள். தேதிகள் ஏதாவதொரு ஏட்டில் பின்னாலும் கிடைக்கும். பேச்சு அதைக் கேட்டவரோடு போய்விடும்.

இதற்கு உகந்த வேளை பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிற்பகல். பந்தி எழுந்தபின், பெகுவிலிருந்தும் தட்டோனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் வந்த உறவினர்கள் வண்டி ஏறுவதற்கு முன் கூடத்தில் சற்று உட்காருவார்கள். முதல் சிரிப்பு அங்கேதான் எழும். எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கைபேசியை நடுவில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ‘தாத்தா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுசன்’ என்பதற்கு மேல் எதுவும் வராது. ‘உங்களுக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்?’, ‘கடைசியாக எதற்காக உங்களைக் கடிந்துகொண்டார்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தொடங்கினால் மற்றவர் திருத்துவார், அந்தத் திருத்தத்தில்தான் உண்மையான சொற்கள் வந்து விழும்.

ஒவ்வொரு பேச்சையும் எழுதும்போது, யாரிடம் சொன்னார், அப்போது கையில் என்ன வைத்திருந்தார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எங்கள் தாத்தாவிடம் பேரப்பிள்ளைகள், ‘சண்டையில் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?’ என்று கேட்பதுண்டு. அவர் மோஹிங்காக் (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) கிண்ணத்தைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மேலதிகாரிக்குப் பதில் சொல்லும் தோரணையில், ‘எங்களுக்கு ரேஷன் வராத நாள் உண்டு பேராண்டி, கொசுவுக்கு ஒருநாளும் ரேஷன் தவறியதில்லை’ என்பார், சிறிது பொறுத்து, தம் முழங்கையைத் தட்டி, ‘இதுதான் டிப்போ’ என்று காட்டுவார். 1944இல் இம்பாலைப் பிடிக்கும் முயற்சி தோற்று, கொட்டும் மழைக்காலத்தில் படை பின்வாங்கியபோது, குண்டுக்குத் தப்பியவர்களைப் பசியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வாரிக்கொண்டு போயின. அந்தத் துயரம் முழுவதையும் அவர் குழந்தைகளுக்கு அந்த அளவில்தான் சொன்னார். இதை, ‘தாத்தா கொசுவைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவார்’ என்று சுருக்கி எழுதினால் அவரும் போனார், அவருடைய போரும் போயிற்று. இடையிடையே பர்மியச் சொல்லோ ஹிந்துஸ்தானிக் கட்டளையோ கலந்து பேசியிருந்தால் அதையும் அப்படியே விடுங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்த வேண்டாம், கீழே விளக்கமும் எழுத வேண்டாம்.

இதன் பிறகு வரலாற்றைச் சரிபார்க்கலாம். நேதாஜி 1943இல் சிங்கப்பூரில் படைத் தலைமையை ஏற்றார். 1944 ஜனவரியில் தலைமையகம் ரங்கூனுக்கு வந்தது. 1945 ஏப்ரல் 24 அன்று அவர் ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். ஜப்பானியரும் வெளியேறிய அந்த நாட்களில், பிரிட்டிஷார் வந்து சேரும்வரை, நகரில் கொள்ளையும் கலவரமும் நேராமல் காத்தது மேஜர் ஜெனரல் ஏ. டி. லோகநாதன் தலைமையில் ரங்கூனிலேயே நிறுத்தப்பட்ட ஐ.என்.ஏ. பிரிவு. ஆகவே உங்கள் தாத்தா ரங்கூனை விட்டு நகரவே இல்லை என்று தெரிந்தால், பெருமைக்காக அவரை இம்பாலுக்கு அனுப்பிவிடாதீர்கள். காவல் நின்றதும் படைப்பணியே. சரிபார்த்ததை ஒரு பகுதியாகவும், ‘அவர் சொல்லக் கேட்டது’ என்பதை வேறொரு பகுதியாகவும் பிரித்து எழுதுங்கள். வேடிக்கை பேசும் மனிதர் ஒரே கதையை மூன்று விதமாகச் சொல்லியிருப்பார், மூன்றையும் எழுதலாம்.

காகிதங்களைத் தேடும்போது டிரங்குப் பெட்டியின் அடித்தாள் வரை பாருங்கள். 1944 ஏப்ரலில் ரங்கூனில் தொடங்கிய ஆசாத் ஹிந்த் வங்கியின் ரசீது, ஜப்பானியர் அச்சிட்ட ரூபாய் நோட்டு, எஃப்.ஆர்.சி. (வெளிநாட்டவர் பதிவுச் சான்று) அட்டை, குழுப் படத்தின் பின்பக்கக் குறிப்பு ஆகியவற்றில் எதுவும் அகப்படலாம். பர்மிய ஆண்டு குறித்திருந்தால் அதோடு 638ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். புத்தாண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால், அதற்கு முந்திய மாதங்களுக்கு 639 கூட்ட வேண்டும். மூலத்தாள்களை லாமினேஷன் செய்யாதீர்கள். அதைப் பிறகு பிரிக்க முடியாது. படமெடுத்துக்கொண்டு, மழைக்கால ஈரம் படாத உலோகப் பெட்டியில் வையுங்கள்.

1960களில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போன உறவினர்களுக்கும் எழுதிக் கேளுங்கள். இந்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தவர்கள், சிறை ஆவணம் கிடைக்காதபோது உடனிருந்த கைதிகளிடம் சான்றிதழ் வாங்கி இணைத்தார்கள். அங்கே போன ஒரு தோழரின் கோப்பில் உங்கள் தாத்தாவின் பெயரும் முகாமும் இருக்க இடமுண்டு.

அவர் பேச மறுத்த விஷயங்கள் இருந்திருக்கும். அவற்றை ஊகத்தால் நிரப்பாமல், ‘இதைப் பற்றி அவர் பேசியதில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். உயிரோடிருக்கும் மருமகளையோ பக்கத்து வீட்டாரையோ புண்படுத்தும் கேலியை அவரே சொல்லியிருந்தாலும் விட்டுவிடுவதுதான் முறை. குடும்பத்துக்கு அவர் செய்தவற்றை, ‘பாசமிக்கவர்’ என்ற ஒரே சொல்லில் அடைக்காமல், சம்பள நாளில் என்ன வாங்கி வருவார், யாருக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருந்தார் என்று நடந்ததாகவே எழுதுங்கள்.

தலைத்திவசத்தன்று ஏட்டிலிருந்து பத்து நிமிடம் மட்டும் வாசித்தால் போதும். மேடைப் பேச்சில் வல்லவரைவிட, தாத்தாவோடு அதிகமாகச் சிரித்துப் பழகிய ஒருவர் வாசிப்பதே நல்லது. அவருக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். நம் பிள்ளைகளில் பலருக்குப் பர்மிய எழுத்தே சரளமாக வருகிறது. ஆகவே தமிழ்ப் படியோடு பர்மிய எழுத்தில் ஒரு படியும், முதியவர் குரலில் ஒலிப்பதிவும் தயார் செய்து, காரியத்துக்கு வர முடியாத உறவினர்களுக்கு அந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். படித்துவிட்டு அவர்கள் சொல்லும் திருத்தங்களுக்காக ஏட்டின் கடைசியில் சில வெற்றுப் பக்கங்களை விட்டுவையுங்கள்.