மலை ஏறப் போகிறவர்கள் இறங்குவதை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டம் பொற்றையடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மருந்துவாழ் மலை சின்னதாகத்தான் தெரியும். அதை நம்பி, காலை பத்து மணிக்கு, கையில் அரை லிட்டர் பாட்டிலோடு கிளம்புகிறவர்கள் உண்டு. மேலே போகப் போகப் பாதை பாறையாகிவிடும், நிழலும் குறையும். பத்து மணிக்கு ஏறத் தொடங்கினால், பாறை நன்றாகக் காய்ந்திருக்கும் உச்சி வெயிலில் இறங்க வேண்டிவரும். விடியும்போதே அடிவாரத்தில் இருங்கள்.

தண்ணீருக்கு மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர். உச்சியில் படம் எடுக்கும்போது அதில் பாதியாவது பையில் மிச்சம் இருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) கொண்டுபோனால் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். பாட்டில் சிறியது என்று அரை லிட்டரில் கொட்டினால் உப்பு மிகுந்து தாகம்தான் கூடும். தின்ன மட்டி வாழைப்பழம் அருமை, ஆனால் தோல் மெலிசு. பையில் சும்மா போட்டால் கூழாகிவிடும், டப்பாவில் வையுங்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது காலணியில். கடையில் கச்சிதமாக இருந்த ஷூ, இறங்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். சரிவில் பாதம் முன்னால் சறுக்கும், பெருவிரல் ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் முனையில் இடிக்கும். மறுநாள் நகம் கறுத்துப்போயிருக்கும். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், போடப்போகிற காலுறையோடு போய் வாங்குங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். உச்சியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கத்துத் துளைகளை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்குங்கள். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். புது ஷூவை இரண்டு வாரமாவது வீட்டுப் பக்கம் போட்டு நடந்திருக்க வேண்டும்.

இறங்கும்போது பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். அப்போது எடை பாதத்தின் மேல் இல்லாமல் பின்னுக்குப் போவதால் குதிகால் வழுக்கும். முழங்காலைச் சற்று மடக்கி, குட்டி அடியாக, பாதம் முழுவதையும் பதித்து வையுங்கள். பாறைமேல் பரவிக் கிடக்கும் பொடி மணல் குண்டுமணி மாதிரி, ஈரப்பாசியைவிட ஆட்கள் அதைத்தான் குறைவாக மதிக்கிறார்கள். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் பாறையைப் பார்த்தபடி திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கலாம். கை வைக்கும் பொந்தைப் பார்த்துவிட்டுத்தான் வையுங்கள், பாம்பு இருக்கலாம்.

இதெல்லாம் பழக முதலில் சிதறால் போகலாம். நடைபாதை போட்ட சிறு மலை. பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

காளிகேசம், கீரிப்பாறை பக்கம் கதையே வேறு. அது யானை நடமாடும் காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது சட்டவிரோதம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. ‘ஊர்க்காரர் ஒருத்தர் வழி காட்டுவார்’ என்பது அனுமதி ஆகாது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் அட்டை ஏறினால் பிடித்து இழுக்காதீர்கள், தீயும் வைக்காதீர்கள். வாய் பதிந்த இடத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருக்கும் என்பதால் கொஞ்ச நேரம் கசியும், கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். ஆற்றில்தான் விளையாடக் கூடாது. கீழே வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை திடீரென்று வந்து சேரும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் வடியும்வரை அங்கேயே உயரமான இடத்தில் உட்கார்ந்திருங்கள், முழங்கால் உயர ஓட்டமே ஆளைத் தள்ளிவிடும்.