மணமுறிவின்போது வீட்டையும் சொத்தையும் பிரித்துக்கொள்ளும் முறை

விவாகரத்து ஆனால் கணவரின் சொத்தில் பாதி தானாகவே மனைவிக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. இந்து திருமணச் சட்டம், 1955-இன் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி வழங்கப்பட்டு இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மற்றவற்றில் பத்திரம் யார் பெயரில் உள்ளது, பணம் யாருடையது என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் இச்சட்டத்தின்படி மணந்து, பரஸ்பர சம்மதத்துடன் பிரிய முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிறித்தவர்களுக்கும் இசுலாமியர்களுக்கும் சட்டம் வேறு.

படி 1: காகிதங்களைச் சேகரியுங்கள்

கிரயப் பத்திரம், மூலப் பத்திரங்கள், பட்டா, வீட்டுவரி ரசீது, கடன் கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பெறலாம். உங்களுக்குத் தெரியாமல் வீட்டின் மீது அடமானமோ பவர் பத்திரமோ பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். பிறகு ஒரு நோட்டில் ஒவ்வொரு சொத்துக்கும் எதிரே, யார் பெயர், முன்பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது, மாதத் தவணையை யார் கட்டுகிறார், பாக்கி எவ்வளவு என்று எழுதுங்கள். பேச்சு முறிந்து ஜீவனாம்ச வழக்காக மாறினாலும் இந்த நோட்டு வீணாகாது. உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, அத்தகைய வழக்கில் இரு தரப்பினரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும்.

படி 2: நகையையும் சீரையும் தனியே வையுங்கள்

பெண்ணுக்கு அவள் வீட்டார் போட்ட நகையும் கொடுத்த சீர்வரிசையும் அவளுடைய சீதனம். அதில் பங்கு பிரிக்க ஒன்றுமில்லை. கணவர் வீட்டு லாக்கரில் இருந்தாலும் அவர்கள் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘நகைகள் 40 பவுன்’ என்று மொத்தமாக எழுதாமல், ஆரம், நெக்லஸ், வளையல் ஜோடி என ஒவ்வொன்றையும் எடையோடு எழுதித் திருமணப் படங்களையும் கடை ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

படி 3: வீட்டுக்குக் கணக்குப் போடுங்கள்

தாம்பரம் பக்கம் இருவர் பெயரிலும் வாங்கிய ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இன்றைய மதிப்பு 60 லட்சம், வங்கிக் கடன் பாக்கி 24 லட்சம் என்றால், பிரிப்பதற்கு இருப்பது 36 லட்சம்தான். பத்திரத்தில் பங்கு குறிப்பிடப்படாவிட்டால் சமபங்கு என்றே பொதுவாகக் கொள்வார்கள். ஆளுக்கு 18 லட்சம். வீட்டை மனைவி வைத்துக்கொள்வதானால், கணவருக்கு 18 லட்சம் கொடுத்து, மீதிக் கடனையும் மனைவியே ஏற்க வேண்டும்.

சிக்கல் கடனில்தான் வரும். ‘இனி தவணையை மனைவியே கட்டுவார்’ என்று நீதிமன்ற ஆணையில் எழுதியிருந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது, ஏனெனில் வங்கி அந்த வழக்கில் தரப்பினர் அல்ல. கணவரின் பெயரை நீக்க வேண்டுமானால், மனைவியின் சம்பளத்தை மட்டும் வைத்து அவருடைய தகுதியை வங்கி புதிதாகக் கணக்கிடும். ஆகவே பேரம் பேசுவதற்கு முன்பே வங்கிக்குச் சென்று கேட்டுவிடுங்கள். தகுதி போதாது என்றால் வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பதே இருவருக்கும் நல்லது.

வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தால் மனைவிக்கு ஒன்றுமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் கணவர் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் பங்களிப்பே என்று கூறி, அவருக்குச் சமபங்கு உண்டென 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அது ஒவ்வொரு வழக்கிலும் நிரூபித்துப் பெற வேண்டிய உரிமை. கணவரின் பூர்வீகச் சொத்தில் மனைவி பங்கு கேட்க இயலாது. பிள்ளைகளின் உரிமையோ பெற்றோரின் மணமுறிவால் அழிவதில்லை.

படி 4: எழுதி, நாள் பார்த்துப் பதியுங்கள்

உடன்பாட்டை விவாகரத்து மனுவோடு சேர்த்துக் குடும்பநல நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். இருவர் பெயரிலும் உள்ள வீடென்றால் ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரமும், ஒருவர் பெயரில் மட்டும் உள்ளதென்றால் செட்டில்மெண்ட் பத்திரமும் எழுத வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்போதே பதிந்தால் குடும்ப உறுப்பினர்களுக்கான சலுகை கிடைக்கும்: முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, உச்சவரம்பு 10,000 ரூபாய். மேலே சொன்ன 60 லட்ச வீட்டின் பாதியான 30 லட்ச ரூபாய்ப் பங்குக்கு (கடனைக் கழிக்காமல்) மொத்தம் 40,000 ரூபாயில் முடியும். தீர்ப்பு வந்தபின் நீங்கள் சட்டப்படி அந்நியர்கள். அப்போது முத்திரைத் தீர்வை மட்டுமே 7 விழுக்காடு, அதாவது 2,10,000 ரூபாய்.

ஆனால் அவசரப்பட்டும் பதிந்துவிடாதீர்கள். முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் இடையே வழக்கமாக ஆறு மாத இடைவெளி உண்டு (நீதிமன்றம் நினைத்தால் குறைக்கலாம்). அதற்குள் எவர் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பத்திரம் பதிந்து, வீடு கைமாறி, விவாகரத்து மட்டும் கிடைக்காமல் நிற்கும் நிலை பரிதாபமானது. இறுதி விசாரணைக்குச் சில நாள் முன்பு பத்திரத்தைப் பதிந்து, அதற்கு ஈடான பணத்தை வங்கி வரைவோலையாக நீதிபதியின் முன்னிலையில் கொடுப்பது இதற்கு ஓரளவு பாதுகாப்பு.

படி 5: தீர்ப்புக்குப் பின்

பட்டா, மின் இணைப்பு, வீட்டுவரி ஆகியவற்றில் பெயர் மாற்றுங்கள். வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு, வங்கி வைப்புகள் ஆகியவற்றின் நாமினிப் படிவங்களைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பழைய துணையின் பெயரே அவற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தீர்ப்பின் சான்றிட்ட நகல்களை நான்கைந்து சேர்த்தே வாங்கிவிட்டால், ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியே நீதிமன்றம் ஏற வேண்டியிருக்காது.