கரண்டு போனாலும் நண்டுக் கணக்கு தப்பாமல் இருக்க

மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனியின் எடைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். தராசுக்குப் பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எஸ்டி கார்டு தேயக்கூடாதென்று பலர் எல்லாவற்றையும் டெம்ப்எஃப்எஸ்ஸில், அதாவது ராமிலேயே, எழுத வைத்துவிடுகிறார்கள். வாடைக்காற்று காலத்தில் இங்கே கரண்டை நம்ப முடியாது. போனால் டெம்ப்எஃப்எஸ் கெடாது, காலியாகிவிடும். பழுது பார்க்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

முதலில் பிரித்துவிடுங்கள். திரும்பக் கூட்டி எடுக்கக்கூடியவை, திரையில் ஓடும் பட்டியல் மாதிரி, ராமில் இருக்கட்டும். தராசில் விழுந்த எடை கார்டுக்குத்தான் போகவேண்டும்: ஒரு எடைக்கு ஒரு வரி, வரிசை எண், படகு எண், எடை, விலை, கடைசியில் செக்சம் (வரி முழுசாக இருக்கிறதா என்று பார்க்க அந்த வரியிலிருந்தே கணக்கிட்ட எண்). உடனே எஃப்சிங்க், அதாவது எழுதியதை இப்போதே கார்டில் இறக்கச் சொல்லும் கட்டளை. அது முடிந்த பிறகுதான் படகுக்காரர் கையில் சீட்டு. சீட்டு இருந்து கணக்கில் வரி இல்லையென்றால், முன்பணம் கழிக்கிற அன்றைக்குச் சண்டைதான். செக்சம் எதற்கு? 12.4 கிலோ பாதியில் அறுந்தால் 12 என்று நிற்கும். பார்த்தால் ஒழுங்கான எண்தான்!

ஆளை ஏமாற்றும் இடம் இரண்டு. டெம்ப்எஃப்எஸ்ஸிலும் எஃப்சிங்க் 'சரி' என்றே சொல்லும்; எங்கேயும் எதையும் எழுதியிருக்காது. அடுத்தது, தற்காலிகக் கோப்பை ராமில் எழுதி, கோப்பை இடம் மாற்றும் எம்வி கட்டளை போட்டுக் கார்டுக்கு மாற்றுவது. கோப்பு முறைமை வேறு என்பதால், பெயரை மட்டும் ஒரே அடியாக மாற்றும் ரீநேம் நடக்காது. எம்வி நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிக்கும். நடுவில் கரண்டு போனால் அரைக்கோப்புதான். மொத்தக் கணக்கைச் சேமிக்கக் கார்டில் அதே அடைவிலேயே தற்காலிகக் கோப்பு, எஃப்சிங்க், ரீநேம், பிறகு அடைவுக்கும் ஒரு எஃப்சிங்க். கடைசியாகச் சேர்த்த வரிசை எண்ணையும் அதில் எழுதுங்கள்.

மெஷின் எழுந்ததும் மொத்தத்தைப் படித்து, அந்த எண்ணுக்கு அடுத்த வரியிலிருந்து கூட்டவேண்டும். எண் இல்லாவிட்டால் ஒரே எடை இரண்டு தடவை ஏறும். செக்சம் பொருந்தாதது கடைசி வரியாக இருந்தால் வெட்டிவிடலாம், அதற்குச் சீட்டே போயிருக்காது. அதற்குப் பின்னாலும் நல்ல வரிகள் இருந்தால் அது கரண்டின் வேலை இல்லை, கார்டு போய்க்கொண்டிருக்கிறது. வெட்டாமல் நிறுத்தி, இருப்பதை நகலெடுத்துவிட்டுக் கார்டை மாற்றுங்கள்.

கரண்டு போனாலும் அழியாத மெமரியிலும் இதே முறைதான். (அந்த வகையில் பேர்போன ஆப்டேனை இன்டெல் 2022இல் கைவிட்டது.) அங்கே அறுபடாமல் எழுதமுடிவது 8 பைட்தான். இந்த மெமரிக்காக 2016இல் வந்த நோவா கோப்பு முறைமை, லாக்கில் (மாற்றங்களை வரிசையாக எழுதும் பதிவில்) விவரத்தை எழுதி, அது சிபியு கேஷிலிருந்து (சிபியுவின் தற்காலிகச் சேமிப்பிலிருந்து) மெமரிக்கு இறங்கிய பிறகே லாக்கின் முனையைக் காட்டும் 8 பைட்டை நகர்த்துகிறது.

சோதிக்க, புரோகிராமை நிறுத்தும் கில் கட்டளை போதாது. புரோகிராம் செத்தாலும், இயங்குதளத்தின் மையமான கர்னல் கார்டுக்கு அனுப்புமுன் ராமில் வைத்திருக்கும் கேஷ் உயிரோடு இருக்கும், எஃப்சிங்க் போடாத வரிகூடக் கார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எடை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி, கையில் உள்ள சீட்டுகளோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப்பாருங்கள். நிஜக் கணக்கு இருக்கும் கார்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.