ஓர் இசைக் கலைஞனின் மரணத்தைத் தோட்டத்தில் திரையிடுவது எப்படி?

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இளைஞர் கழகம் நடத்துவோர் றொக் பாடகர் ஒருவரின் வாழ்க்கைப் படத்தைத் திரையிட விரும்பினால், அன்டன் கோர்பைன் இயக்கி 2007இல் வெளிவந்த 'கன்ட்ரோல்' நல்ல தெரிவு. இங்கிலாந்தின் ஜோய் டிவிஷன் குழுவில் பாடிய இயன் கேர்டிஸ், முதல் அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த தறுவாயில், 1980 மே 18 அன்று, 23 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்த முடிவைப் பார்வையாளரிடம் மறைக்கக் கூடாது. மாசியில் காமன் கூத்து ஆடும் காமன் பொட்டலில் கூடும் எவருக்கும் மன்மதன் எரிவான் என்பது தெரியும். தெரிந்தே விடிய விடிய விழித்திருந்து, அவன் எப்படி அந்த நெருப்பிடம் போய்ச் சேர்கிறான் என்பதையும் ரதியின் புலம்பலையும் கேட்கிறோம். இப்படத்தையும் அவ்வாறே பார்க்கச் சொல்லுங்கள். மனைவி டெபோரா 1995இல் எழுதிய நூலைத் தழுவிய படம் என்பதால் இதுவும் பெரிதும் ரதியின் பக்கத்துக் கதையே. கணவரின் வேற்றுறவையும் அவருடைய நோயையும் ஒரே வீட்டுக்குள் சுமந்த பெண்ணின் கணக்கு என்பதை நினைவூட்டிவிட்டால், பிறகு நடக்கும் உரையாடல் பாடகரைத் தெய்வமாக்கும் பேச்சாகச் சுருங்காது.

வலிப்பு நோயைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். கேர்டிஸ் பகலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணியாற்றியபோது, அங்கு வந்த வலிப்பு நோயாளியான ஒரு பெண்ணை நினைத்துப் பாட்டு எழுதினார். பின்னர் அந்நோய் அவருக்கே வந்தது. அவருடைய ஆட்டமே வலிப்பைப் போலிருந்ததால், மேடையில் உண்மையாக வலிப்பு வந்தபோதும் கூட்டத்துக்கு வேறுபாடு தெரியாமற்போனதுண்டு. அந்தக் காட்சி வரும்போது நம் லயக் குடியிருப்புகளில் எவராவது "கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும்" என்பார். கையிலோ வாயிலோ எதையும் வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதைப் படம் முடிந்ததும் செய்து காட்டுங்கள். (எனக்கு இதுவே படத்தைவிடப் பயன்பட்டது.)

2007இல் எடுத்த படத்துக்கு ஏன் நிறமில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். கோர்பைன் 1979இலேயே அந்தக் குழுவைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்த புகைப்படக் கலைஞர் என்பதே போதிய பதில். மேடைப் பாடல்களை நடிகர்களே பாடி, வாசித்திருப்பதையும் கவனிக்கச் சொல்லலாம்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒரு வசனமும் கேட்காது. ஆகவே தென்மேற்குப் பருவ மழையைத் தவிர்த்து, தை, மாசியில் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கே தொடங்குங்கள். படம் இரண்டு மணி நேரம் ஓடும். பெரியவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இறந்த முறையை விவரிக்கும் பேச்சை வளரவிடாமல், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ வாசற்கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். யாராவது இடையில் எழுந்து வெளியே போனால், கழகத்தவர் ஒருவர் தேநீர்க் கோப்பையுடன் பின்னாலேயே போகட்டும்.