தண்ணீர் குறைந்தால் ஊற்றிவிட்டு ஓடாதீர்கள், தேடுங்கள்

எங்கள் பக்கத்தில் ஹயர் ஓடுகிற பல வேன்களில் சீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் கேன் எப்போதும் இருக்கும். எஞ்சின் சூடேறினால் ரோட்டோரப் பீலியில் பிடித்து ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவசரத்துக்குச் சரி. அதுவே வழக்கமானால் எஞ்சின் போய்விடும். நல்ல நிலையில் இருக்கிற ரேடியேட்டரில் தண்ணீர் சும்மா குறையாது. விடியற்காலையில் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற வேன் நானுஓயா ஏற்றத்தில் கொதித்து நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மலையில் இதைத் தள்ளிப்போடவே முடியாது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே சாதாரணத் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதிக்கும். எஞ்சின் வழக்கமாக ஓடுகிற சூடும் ஏறக்குறைய அதுதான். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் கொதிநிலை இன்னும் 20 டிகிரிக்குக் குறையாமல் ஏறுகிறது. கசிவு இருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. ஹீட் முள் நடுவில் இருக்கும்போதே உள்ளே கொதிக்கத் தொடங்கிவிடும்.

கசிவைத் தேடுகிற வேலையைக் காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் செய்யுங்கள். சூடான எஞ்சினில் சொட்டுகிற தண்ணீர் அங்கேயே ஆவியாகிவிடும். மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. இரவுக் குளிரில் ரப்பர் இறுகி, ஹோஸ் கிளிப் இருக்கிற இடத்தில் கசியும். எஞ்சின் சூடானதும் தானாக அடைத்துக்கொள்ளும். பகலில் கராஜுக்குக் கொண்டுபோனால் "ஒன்றுமில்லையே" என்பார்கள்.

முதல் நாள் இரவே கூரைக்குக் கீழே, சமதரையில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் காய்ந்த காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். வெளியே விரித்தால் மழையும் பனியும் நனைத்து ஏமாற்றிவிடும். காலையில் மட்டையில் ஈரம் இருந்தால் விரலில் தொட்டுத் தேயுங்கள். கூலன்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற திரவம், வழுக்கும், நிறம் இருக்கும், இனிப்பு வாடை வரும். வாயில் வைக்காதீர்கள், அது விஷம். கீழே சூடான அவிசாவளைப் பக்கம் ஏசி போட்டு ஓடிவிட்டு நிறுத்தும்போது சொட்டுவது வெறும் தண்ணீர், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மட்டையில் ஈரம் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் வழிந்து வந்துதான் சொட்டும். டோர்ச் அடித்து, ஈரத்திலிருந்து மேலே மேலே போங்கள். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ ரோஸாகவோ பொடி பூத்திருக்கும். அந்தத் தடம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம்.

என் டவுன்ஏஸ் வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினாலும் வோட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் தெரியாது, அதனால் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே பிடித்துப் பார்ப்பேன். பம்ப் தண்டுக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் வெளியே காட்டிக்கொடுக்கவே கம்பெனி அதை வைத்திருக்கிறது. அதிலிருந்து கோடு கோடாகக் கறை இறங்கியிருந்தால் பம்ப் முடிந்தது. புல்லியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் சந்தேகமே இல்லை. சிலர் அந்தத் துளையை எம்சீல் பசை வைத்து அடைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் பேரிங்குக்குள் போய் பம்ப்பே இறுகிவிடும்.

அடுத்து ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேர்கிற விளிம்பு, ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் மூடி. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்; மூடியில் எழுதியிருக்கிற அழுத்த அளவு பழையதில் 0.9 என்றிருந்தால் புதியதும் 0.9. பீலித் தண்ணீரே ஊற்றி ஓடிய வண்டியில் எஞ்சின் புளொக்கில் அடித்திருக்கும் தகர அடைப்புகள் துருப்பிடித்துக் கசியும், பின்பக்கத்தையும் பாருங்கள். வெளியே எதுவும் இல்லாமல் இடப்பக்கக் கால்மிதி நனைந்து, முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பூச்சு படிந்தால் கசிவது ஹீட்டர்.

இதிலும் அகப்படாவிட்டால் பிரஷர் டெஸ்டர் (அழுத்தம் ஏற்றிப் பார்க்கிற கருவி) வைத்திருக்கிற கராஜ் பாஸிடம் போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியில் எழுதியிருக்கிற அளவுக்கு மட்டும் பம்ப் அடித்து, பதினைந்து நிமிடம் விடச் சொல்லுங்கள். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது, சொட்டுகிற இடத்தையும் அப்போதே பார்க்கலாம்.

முள் இறங்கியும் வெளியே சொட்டு இல்லையென்றால் எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இருக்கிற ஹெட் காஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஆனால் குளிர்காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதும், கிட்ட ஓட்டம் மட்டும் ஓடுகிற வண்டியில் ஒயில் மூடிக்கு அடியில் பால் நிற நுரை படிவதும் மலையில் சாதாரணம். எஞ்சின் சூடான பிறகும் புகை நிற்கவில்லை, ஒயில் ஸ்டிக்கிலேயே பால் நிறம், ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வருகிறது என்றால் ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துப் போங்கள்.

பழுது பார்த்தபின் கூலன்டையும் டிஸ்டில்ட் வோட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூக்கு மேடு பார்க்க நிறுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டம் பாருங்கள். வடித்த பழைய கூலன்டைக் கானில் (வடிகாலில்) ஊற்ற வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிச் செத்துப்போகும். கான் போய்ச் சேர்கிற ஓடையில் கீழ் லயத்துக்காரர்கள் தண்ணீர் எடுப்பார்கள். கேனில் மூடி, கராஜில் கொடுத்துவிடுங்கள்.