குட்டியின் தொண்டை வீங்கினால் எங்கே பார்ப்பது

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கம் நாங்கள் வெள்ளாடு வளர்க்கிறோம். குட்டிக்குத் தொண்டை வீங்கினால் இப்போதெல்லாம் உடனே 'தைராய்டு' என்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் அந்த மாத்திரை சாப்பிடுவதாலோ என்னவோ! முதலில் தடவிப் பாருங்கள்.

தாடைக்கு அடியில் கொழகொழவென்று, அழுத்தினால் குழி விழுகிறதா? கீழிமையை விலக்கினால் வெளுத்திருக்கிறதா? பெரும்பாலும் குடற்புழு ரத்தம் உறிஞ்சியதால் கோத்த நீர்தான். புழு மருந்து கொடுக்கணும். நன்றாகப் பால் குடித்துத் துள்ளும் இரண்டு மாதக் குட்டிக்குத் தொண்டை மெத்தென்று புடைத்திருந்தால் அது தைமஸ், நோய் எதிர்ப்புக்கு உதவும் இளவயதுச் சுரப்பி, தானே வற்றும். சூடு போடாதீர்கள்.

பிறக்கும்போதே மூச்சுக்குழலின் இருபுறமும் வீக்கம், உடம்பில் முடி குறைவு, எழுந்து மடி தேடாத சோர்வு, இவை சேர்ந்து வந்தால்தான் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சுரப்பி அயோடினை வைத்துத்தான் ஹார்மோன் செய்கிறது. அந்த ஹார்மோன் இரண்டு வகை: டி4இல் 4 அயோடின் அணு, டி3இல் 3. வயிற்றுக் குட்டியின் மூளை, எலும்பு, நுரையீரல், முடி எல்லாம் முதிர அந்த ஹார்மோன் வேண்டும். பிறந்ததும் உடம்புச் சூட்டைக் காக்கவும் வேண்டும். அயோடின் இல்லாவிட்டால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை விடாமல் தூண்டும், சுரப்பி வீங்கும், ஹார்மோன் மட்டும் தேறாது. வளர்வது வேறு, முதிர்வது வேறு. 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தீனியாகப் போட்டார். அவை பெரிதாகாமலே அவசரமாகத் தவளையாகிவிட்டன.

ஆகவே பார்க்க வேண்டியது தாயின் தீனியை, அதுவும் 5 மாதச் சினைக்காலம் முழுக்க. கடலோரத்தில் அயோடினுக்கா பஞ்சம் என்பார்கள். உப்பளத்து மூட்டைக் கல் உப்பில், தனியாகக் கலந்திருந்தால் ஒழிய, அயோடின் மிகக் குறைவு. அயோடின் உப்போ, அயோடின் உள்ள தாது உப்புக் கலவையோ கொடுங்கள், பாக்கெட்டில் சொன்ன அளவுக்குள். அதிகமானாலும் இதே சுரப்பிதான் கெடும்.

மரவள்ளித் தழை, சந்தையில் சும்மா கிடைக்கும் முட்டைக்கோஸ் கழிவு, சவுண்டல் (சூபாபுல்) தழை மூன்றும் தைராய்டின் வேலையைத் தடுக்கும். சவுண்டல் நல்ல புரதத் தீவனம், வெட்டி எறிய வேண்டாம். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்து, மீதிக்கு அகத்தி, பூவரசு, வேலிமசால் போடுங்கள்.

சோர்ந்து பிறந்த குட்டியைச் சாக்கில் துடைத்து, சூடாக வைத்து, சீம்பாலைக் கறந்தாவது புகட்டி, மருத்துவரிடம் கொண்டு போங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அப்புறம், வீட்டிலிருக்கும் தைராய்டு மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். தாய் ஆடு என்ன தின்றது, எந்த உப்பு வைத்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.